லாத்தா கல்யாண கேசட்டுக்குச் சாப்டர் போட்ட கதை

இந்தக் காலத்தில் யாராவது டிவிடி ரைட் பண்ணுவார்களா என்று சிரிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் இருக்கிறது. கேசட்டில் இருப்பது 1995-இல் நடந்த லாத்தா (அக்கா) கல்யாணம். அதில் பாதிக்கு மேல் பெண்கள் பக்கம்.

கீழக்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆண்கள் பந்தல் தனி, பெண்கள் கூடுகிற வீடு தனி. பந்தலுக்கு வீடியோக்காரர் வருவார். வீட்டுக்குள்ளே அவருக்கு வேலை கிடையாது. அதனால் பல வீடுகளில் பெண்கள் பக்கம் நடந்தது எதுவும் பதிவாகவே இல்லை. எங்கள் வீட்டில் பதிவானது சாச்சியால் (சித்தி). வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த, தோளில் வைத்து எடுக்கிற பெரிய பானாசோனிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று நாளும் அந்தக் கூட்டத்துக்குள் சுற்றினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பேட்டரி தூக்கும் வேலை என்னுடையது.

போன வருஷம் அந்தக் கேசட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பென்டிரைவில் போடு, கூகுளில் ஏற்று, குடும்பக் குரூப்பில் அனுப்பு. உம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"போன்ல ஏத்துனா போச்சு புள்ளே. ஊரு பூரா போயிரும்."

டிவிடியையும் காப்பி எடுக்கலாம் உம்மா என்றேன். "திருடன் வந்தா வரட்டும். அதுக்காக நாமளே கதவைத் தொறந்து வைக்கிறதா?" என்றார். இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. டிவிடி தட்டென்றால் அலமாரியில் வைத்துப் பூட்டலாம், வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது எடுத்துப் போடலாம். ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றுவதும் அதே காரணத்தால் இல்லை என்றாகிவிட்டது. மாற்றுகிறவர் உட்கார்ந்து பார்த்துத்தானே ஆக வேண்டும். ஆக வேலை என் தலையில் வந்தது. நான் கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதுகிறவள். வீடியோவுக்கும் எனக்கும் அதுவரை சம்பந்தமில்லை.

கேசட் ஓட்டுகிற டெக் (விசிஆர்) பரணில், பழைய பாய்க்குள் சுருட்டி வைத்திருந்தது. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரிகிறது, கேசட்டை விழுங்குகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால் யாரும் செய்வதில்லை. கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு வயதான டிவி மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட்டும்மா. ரப்பர் உருகிப் பசையாயிருச்சு" என்றார். மாற்றிக் கொடுத்தார். சுற்றியது.

கடற்கரை ஊரில் கேசட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக இருந்தால் அது உப்பு இல்லை, பூஞ்சை. அப்படியே ஓடவிட்டால் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தாவும். எங்களிடம் இருந்த மூன்றில் ஒன்று பூத்திருந்தது. நல்லவேளை, பந்தல் கேசட். அதைச் சுத்தம் செய்ய மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். பந்தல்தானே, அவர் பார்த்தால் பார்க்கட்டும்.

பெண்கள் பக்கக் கேசட்டின் அட்டையை விரித்தபோதுதான் அதைக் கண்டேன். உள்பக்கத்தில் நீல மையில், சாச்சியின் சாய்ந்த கையெழுத்தில்: "0860 மருதாணி. 2140 கருகமணி. 3350 வட்டலப்பம்." இப்படி மொத்தம் பதினொரு வரி. (கருகமணி எங்கள் தாலி, வட்டலப்பம் ஒரு இனிப்பு.)

சென்னை மண்ணடியில் இருக்கும் சாச்சிக்குப் போன் போட்டேன். "நானா எழுதுனேன்?" என்றார் சாச்சி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, உன் உம்மம்மாவுக்குத்தான். அவங்க மருதாணியப் போடும்பாங்க, போட்டா வட்டலப்பம் எங்கேம்பாங்க. ஒவ்வொரு தடவையும் ஓட்டி ஓட்டித் தேட முடியுமா? அதான் நம்பர் எழுதி வச்சேன்."

நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த சாப்டர் வேலையை, அதாவது வேண்டிய இடத்துக்கு நேராகத் தாவக் குறி வைக்கிற வேலையை, சாச்சி முப்பது வருஷத்துக்கு முன்பே பால்பாயிண்ட் பேனாவில் முடித்து வைத்திருக்கிறார்.

ஆனால் அந்த எண்களை அப்படியே கம்ப்யூட்டரில் போட முடியாது. டெக்கின் முகப்பில் ஓடுகிற நாலிலக்க எண் நிமிடக் கணக்கு இல்லை, சுருள் சுற்றுகிற கணக்கு. நாடா ஓடும் வேகம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் தொடக்கத்தில் வலதுபக்கச் சுருள் ஒல்லி, விறுவிறுவென்று சுற்றும். நாடா ஏற ஏறப் பருத்து, ஆடி அசைந்து சுற்றும். கேசட்டை முழுக்கப் பின்னால் ஓட்டி, எண்ணைப் பூஜ்யமாக்கி, கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆயிரம் 23 நிமிடத்தில் வந்துவிட்டது. மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குப் போக 47 நிமிடம் ஆனது. நடுவே நாலைந்து இடத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு எக்செல்லில் கொடுத்தேன். வளைகோடு ஒன்று வந்தது. அதன்படி 0860 என்றால் 19 நிமிடம் 38 நொடி. கம்ப்யூட்டரில் அந்த இடத்துக்குப் போனால், திரையில் ஒரு கிண்ணம், அதில் அரைத்த மருதாணி, பச்சையாக. எனக்குக் கை சிலிர்த்தது. (டெக் மாறியிருந்தால் இந்தக் கணக்கு பலித்திருக்காது. அதே டெக் என்பதால் தப்பித்தேன்.)

கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் ஒரு யூஎஸ்பி குச்சியில் சொருகி ஓடவிட வேண்டும். கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். ஓடவிட்டுவிட்டு மீன் ஆயப் போகலாம். அளவுக் கணக்கு மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும் தட்டைக் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். ஏமாற்று இல்லை, ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1024-ஆல் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம். பெண்கள் பக்கம் 2 மணி 20 நிமிடம். அதற்கு நொடிக்கு 4.4 மெகாபிட் கிடைக்கிறது, போதும். மூன்று மணி நேரக் கேசட்டை முழுக்க நிரப்பியிருந்தால் அது மூன்றரைக்கு இறங்கியிருக்கும். பழைய விஎச்எஸ் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் அதிகம், அந்த அளவில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

இனி சாப்டர். டிவிடிஸ்டைலர் என்று ஒரு சாஃப்ட்வேர், இலவசம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று சொன்னால் தானாகவே வெட்டிக் கொடுத்துவிடும். சோம்பலில் முதலில் அப்படித்தான் செய்தேன். 35-ஆவது நிமிடத்தில் விழுந்தது, யாரோ கை கழுவிய படிக்கம். 40-ஆவது நிமிடம், கொட்டாவியின் நடுவே ஒரு மாமி. அடுத்த சாப்டருக்குத் தாவினால் வாசற்படியில் கழற்றிப் போட்ட செருப்புகள், நல்ல நீளமாக. எல்லாம் எங்கள் வீட்டுக் கல்யாணம்தான். ஆனால் பொத்தானை அழுத்தி அங்கே போக விரும்புகிறவர் யாருமில்லை.

சரி, நாமே குறிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சாச்சி எழுதிய பதினொன்றோடு சடங்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று சேர்த்தேன். இருபத்தி ரெண்டு வந்தது. லாத்தாவிடம் காட்டினேன். கல்யாணப் பெண் அவள்தானே.

"கருகமணி கட்டுனதுதான் எல்லாருக்கும் தெரியுமே. அதை யாரு புள்ளே தேடப் போறா?" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாலு நாள். சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் இட்லி ஊற்ற எழுந்திருப்பாள், மறுபடி வருவாள். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. "0:12:40 உம்மம்மா வெத்திலை மடிக்கிறது. 0:16:05 கிழக்குத் தெரு மாமி சிரிப்பு. 0:23:05 பின்னால பச்சைப் புடவை யாரு? 0:31:50 நான் அழுவுறேன் (பாக்க வேணாம்). 0:33:10 தொதல் தட்டு, ஈ."

நான் அந்தக் கேசட்டை ஏற்றும்போதே மூன்று முறை பார்த்தவள். 12 நிமிடம் 40-ஆவது நொடியில் உம்மம்மா இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் சாச்சி படம் பிடித்தது உம்மம்மாவை அல்ல, வாசலில் வந்து இறங்கும் சீர்த் தட்டுகளை. திரையின் இடது மூலையில், முகம் கூடத் தெரியாமல், ஒரு முழங்கையும் கையும். வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பை ஒரே இழுப்பில் தடவி, கட்டை விரலால் இரண்டு மடிப்பு. எட்டு நொடி. அதற்குள் ஒரு தட்டு குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது. லாத்தா அதைப் பார்த்தவுடன் சொல்லிவிட்டாள். "மூணாவது விரல் மடங்காது பாரு. அம்மியில நசுங்குனது."

மொத்தம் எத்தனை குறித்திருந்தாள் என்று எண்ணினேன். 117.

டிவிடியில் ஒரு தலைப்புக்குள் (ஒரே தொடர்ச்சியாக ஓடுகிற படம்) 99 சாப்டர்தான் வைக்கலாம். இதைச் சொன்னதும், மாப்பிள்ளை வீட்டில் சீர் குறைகிறது என்று சொன்னது போல முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் முழுக்கப் பேரம் பேசினோம். "நான் அழுவுறேன்" போயிற்று, அவளே அடித்துவிட்டாள். தொதல் தட்டும் ஈயும் போயின. பச்சைப் புடவையை மட்டும் விட மாட்டேன் என்றாள். அது யார் என்று தெரியும்வரை அந்தக் குறி இருக்க வேண்டுமாம். கடைசியில் 98-க்கு வந்தது. ஒன்று மிச்சம் வைத்தது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குறித்த நேரத்தை அப்படியே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதுவும் இல்லை. டிவிடியில் ஒவ்வொரு படமும் முழுப் படமாக இருப்பதில்லை. நொடிக்கு 25 படம் ஓடுகிறது. அதில் பன்னிரண்டு, பதினைந்து படத்துக்கு ஒன்றுதான் முழுசாக இருக்கும். நடுவில் உள்ளவை முன்னதிலிருந்து என்ன மாறியது என்கிற குறிப்பு மட்டும். சாப்டர் அந்த முழுப் படத்தில்தான் தொடங்க முடியும். அதனால் குறி அரை நொடி வரைக்கும் தள்ளிப்போகும். அரை நொடிதானே என்று விட்டுவிட்டேன். சோதனைத் தட்டில் உம்மம்மா கைக்குப் போனால் வெற்றிலை ஏற்கெனவே தொடையை விட்டுக் கிளம்பியிருந்தது. எட்டு நொடிச் சங்கதியில் அரை நொடி பெரிசு. அந்த மாதிரிக் குறிகளை ஒரு நொடி முன்னால் நகர்த்தினேன். பரவாயில்லை, கொஞ்சம் தட்டுகள் தெரியும், பிறகு கை வரும்.

இன்னொரு சங்கடம், டிவி திரையில் சாப்டருக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. பெயர் வேண்டுமென்றால் மெனுவில் எழுத வேண்டும். ஒரு திரையில் 36 பொத்தான் வரை வைக்கலாம் என்றாலும் உம்மாவின் கண்ணுக்கு எட்டுக்கு மேல் தெரியாது. எட்டு எட்டாகப் போட்டால் பதிமூன்று திரை. ரிமோட்டில் பதிமூன்று திரை தள்ளிப் போகிற பொறுமை எனக்கே இல்லை. கடைசியில் லாத்தா ஒரு வெள்ளைத் தாளை டிவிடி பெட்டி அளவுக்கு மடித்தாள். நீல மைப் பேனாவில் 1 முதல் எழுதிக்கொண்டே போனாள். உம்மா தாளைப் பார்த்து ரிமோட்டில் 7 அழுத்தினால் வெற்றிலை, 11 அழுத்தினால் மருதாணி.

இப்போது தட்டுக் கணக்கு. என் திட்டம் ஒரே தட்டு, இரண்டு மடங்கு பிடிக்கிற வகை. பந்தலும் பெண்கள் பக்கமும் ஒரே படமாக ஓடினால் அடுத்த சாப்டர், அடுத்த சாப்டர் என்று அழுத்தி ஆண்கள் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது எனக்கும் புரிந்தது. அதனால் இரண்டு தனித் தலைப்பாகப் பிரித்து, முதல் தலைப்பு முடிந்ததும் மெனுவுக்குத் திரும்புகிற மாதிரி செய்திருந்தேன். நல்ல ஏற்பாடு என்று எனக்குள் ஒரு பெருமை. உம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆம்புளைக்கும் பொம்புளைக்கும் ஒரே சஹன்லயா சோறு வைப்போம்?"

எங்கள் ஊர் விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம், அந்தத் தட்டுதான் சஹன். இரண்டு தட்டாகப் பிரித்தேன். மார்க்கர் பேனாவால் ஒன்றில் 'பொது' என்று எழுதி, இன்னொன்றில் எதுவும் எழுதாமல் விட்டேன். உம்மா சொன்னபடி.

பொதுத் தட்டில் மச்சான் (லாத்தாவின் மாப்பிள்ளை) கேட்டது மூன்றே சாப்டர்: நிக்காஹ், சாப்பாடு, பாம்பன். கல்யாணம் முடிந்த வாரம் வேன் பிடித்து எல்லோரும் ராமேஸ்வரம் பக்கம் போனோம். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக சாச்சி கேமராவைக் கீழே நீட்டியிருக்கிறார். 1914-இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலம், அதன் மேல் மீட்டர் கேஜ் ரயில், ஊர்ந்து ஊர்ந்து, பெட்டி பெட்டியாக, கடலுக்கு மேலே. நாலு நிமிடம். 2007-இல் பாதை அகலமானது, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அன்றிலிருந்து மச்சானுக்கு அந்த நாலு நிமிடத்தின் மேல் ஒரே ஆசை. படத்தில் பெண்கள் யாரும் இல்லை, பாலமும் தண்ணீரும் ரயிலும்தான். பொதுத் தட்டுக்கு ஏற்றது என்று நானும் தூக்கி வைத்தேன். உம்மா கூடத் தலையாட்டிவிட்டார்.

ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. ரயில் சத்தத்துக்கு மேலே, கேமராவுக்குப் பின்னாலிருந்து சாச்சி குரல். பக்கத்தில் நிற்கும் யாரிடமோ, மூச்சு விடாமல். முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டு விருந்தைப் பற்றி. "நெய்ச்சோறுன்னாங்க. நெய்யத் தேடிக்கிட்டே பாம்பன் வரைக்கும் வந்துட்டோம், இன்னும் காணோம்" என்று தொடங்கி, கறியின் அளவு, மாமியார் பரிமாறிய அகப்பையின் அளவு என்று ஒவ்வொன்றாக. கடைசிப் பெட்டி கரையேறும்வரை விடவில்லை.

லாத்தாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொய்யா சொல்றாங்க? நான்தான் அந்தச் சோத்தத் தின்னவளாச்சே" என்றாள். உம்மா சிரிக்கவில்லை. மச்சானின் உம்மா மவுத்தாகி (இறந்து) பத்து வருஷம் ஆகிறது.

நான் முடிவெடுத்தேன். பொதுத் தட்டில் அந்த நாலு நிமிடத்துக்கு மட்டும் சத்தத்தை எடுத்துவிட்டேன். பெண்கள் தட்டின் கடைசியில் அதே ரயிலைச் சாச்சி குரலோடு சேர்த்தேன். அதுதான் மிச்சம் வைத்த ஒன்று, 99-ஆவது சாப்டர். லாத்தா தாளின் அடியில் 'ரயில்' என்று மட்டும் எழுதினாள். தட்டு இரண்டையும் வேகத்தைக் குறைத்து, நாலு மடங்கில் நிதானமாக எழுதவிட்டேன். பழைய ப்ளேயர், வேகமாக எழுதிய தட்டென்றால் முரண்டு பிடிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மச்சான் பொதுத் தட்டைப் போட்டார். நிக்காஹ் ஓடியது, குத்பா சத்தம் கணீரென்று கேட்டது. மூன்றாவது சாப்டருக்குத் தாவினார். ரயில் வந்தது. ஒரு வார்த்தை இல்லாமல், ஒரு தடதடப்பு இல்லாமல், பாலத்தின் மேல் நகர்ந்தது.

"சத்தத்தைக் காணோமே" என்றார். ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினார். எழுந்து போய் டிவிக்குப் பின்னால் குனிந்து வெள்ளை வயரைப் பிடுங்கிச் சொருகினார், பிறகு சிவப்பை. நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்குத் தேட ஆரம்பித்தார்.

"பழைய கேசட்டுல்ல, அந்த எடத்துல மட்டும் போயிருக்கும்" என்றாள் லாத்தா, அடுப்படியிலிருந்து.

மச்சான் இன்னும் வயரை விடவில்லை. கடைசிப் பெட்டி கரையேறிக்கொண்டிருந்தது.